நாலரை விரல்

நின்றுபோன இன்ஜின் மூச்சு விடாது. ஆறும்போது காற்றைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான், வெளியே விடாது. இருபது வருடமாக இன்ஜினோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு இதுகூடவா தெரியாது.

தெரியும். இருந்தும், பிரீதர் குழாயின் வாயை மூடியிருந்த அவளுடைய உள்ளங்கையில் காற்று பட்டது. லேசாக, வெதுவெதுப்பாகப் பட்டது. நின்றது. ஒரு ஆள் மூச்சை இழுத்துக்கொள்ளும் நேரம் கழித்து மறுபடி பட்டது. இன்ஜினை நிறுத்தி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் கையை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனாள். கருகிய எண்ணெய், டீசல், இரும்பு. அதற்கு அடியில், யாரோ மறைத்து வைத்ததுபோல, ஏலக்காய் வாசனை. ஏலக்காய்க்கும் அடியில் சாராயம்.

"என்ன தங்கச்சி, கைக்கு சென்ட் போட்டுக்கிட்டு வந்தியா? அப்படி மோந்து பாக்குறே?"

ஃபோர்மேன் கதவில் சாய்ந்து நின்றிருந்தார். அந்த ஐஸ் ஃபேக்டரியில் எல்லோரும் அவரை சைலன்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். தூங்கும்போதுகூடப் பேசுவார் என்று அவர் மனைவியே சொன்ன பிறகு ஒட்டிக்கொண்ட பெயர்.

"ஒண்ணுமில்லண்ணே. பிரீதர் அடைச்சிருக்கு."

"அதைத்தானே நானும் மொதலாளிகிட்ட தலைபாடா அடிச்சிக்கிட்டேன்! சீல் மாத்து, சீல் மாத்துன்னு மூணு தடவை மாத்தியாச்சு. முன்னாடி சீல் மாத்தினா பின்னாடி ஒழுகுது. பின்னாடி மாத்தினா இன்ஜின் கதவு வழியா ஒழுகுது. கிழத்துக்கு வயித்துல என்ன கோளாறுன்னு பாக்காம மூக்கைத் துடைச்சிவிட்டா சளி நிக்குமா?"

அவர் சிரித்தார். அவளும் சிரிக்கப் பார்த்தாள். இடது தாடை ஒரு முறை 'டக்' என்றது. அது எலும்பு உடைந்து கூடிய நாளிலிருந்து அப்படித்தான்.

பகல் இரண்டு மணி. வெளியே மேகமூட்டம். தகரக் கூரைக்குக் கீழே இன்ஜின் அறையில் ஒரே ஒரு குண்டு பல்பு; அதன் கண்ணாடியில் எண்ணெய்ப் புகை படிந்து வெளிச்சம் தேநீர் நிறத்தில் விழுந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் ஐஸ் தொட்டிகளில் தண்ணீர் சொட்டும் சத்தமும், கண்ணைக் கரிக்கும் அமோனியா வாடையும். நடுவே அந்த இன்ஜின். நாலு சிலிண்டர், அவளைவிட உயரம், அவளைவிட வயது. அதன் வயிற்றில் வரிசையாக நாலு இரும்புக் கதவுகள், ஒவ்வொன்றும் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம், ஒவ்வொன்றுக்கும் ஆறு நட்டு. மூன்றாவது கதவு மட்டும் புதியது. மற்ற மூன்றும் கறுத்திருக்க, அது மட்டும் சாம்பல் நிறத்தில் பளிச்சென்று இருந்தது, பொய்ப்பல் மாதிரி.

பதினோரு மாதத்துக்கு முன்பு பழைய மூன்றாவது கதவைத் திறந்தபோதுதான் அவள் புருஷன் எரிந்துபோனான்.

அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் அவள் இந்த அறைக்குள் கால் வைக்கிறாள். சைலன்சர் மூன்று தடவை அவளுடைய பட்டறைக்கு வந்து கேட்டார். இரண்டு தடவை மறுத்தாள். மூன்றாவது தடவை, "புதுசா வந்த மெக்கானிக் நாலு மாசத்துல ஓடிட்டான், இன்ஜினுக்குள்ள யாரோ தட்டுறாங்கன்னு உளறிக்கிட்டே போனான்" என்று அவர் சொன்னதும், பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஏன் கிளம்பினோம் என்று வழி முழுக்கத் தன்னையே கேட்டுக்கொண்டு வந்தாள். பதில் கிடைக்காதது போலப் பாவனை செய்தாள்.

பிரீதரைக் கழற்றினாள். வேலை எளிது. பிஸ்டன் ரிங் தேய்ந்துபோன இன்ஜினில் எரிந்த வாயு கொஞ்சம் வயிற்றுக்குள் கசியும். அது வெளியேற ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் இந்தக் குழாய், அதன் தலையில் கம்பிவலை அடைத்த ஒரு டப்பா. வலை அடைத்துக்கொண்டால் வயிறு உப்பும். உப்பினால் எண்ணெய் எங்கெங்கே இடுக்கு இருக்கிறதோ அங்கெல்லாம் பிதுங்கும். சீலின் மீது குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை.

டப்பாவைத் திறந்து வலையை மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டாள். கறுப்புக் களி கரைந்து இறங்கியது. கம்பிகளுக்கு நடுவே ஏதோ விரலில் நார் மாதிரி தட்டுப்பட்டது. இடுக்கியால் பிடித்து இழுத்தாள். வந்தது. இன்னும் வந்தது. ஒரு முழம் நீளத்துக்குத் துணி.

மண்ணெண்ணெயில் அலசினாள். மஞ்சள் நிறம்.

கையிலிருந்து இடுக்கி நழுவித் தட்டில் விழுந்தது.

"என்ன, எலியா?" என்று எட்டிப் பார்த்தார் சைலன்சர். "ஓ, துணி. அந்த ஓடிப்போனவன் வேலையா இருக்கும். அவன் இன்னொரு கூத்து பண்ணியிருக்கான் பாத்தியா? பிரீதர் புகை ரூமெல்லாம் நிறையுதுன்னு, குழாயைக் கொண்டுபோய் ஏர் ஃபில்டர் வாயிலேயே சொருகி வச்சிருக்கான். விட்ட மூச்சையே திரும்ப இழுக்குது கிழம்."

அவள் காதில் பாதிதான் விழுந்தது. அந்தத் துணியின் ஓரத்தில் பச்சை நூலால் ஒரு தையல் இருந்தது. அவள் கையால் போட்ட தையல். வேலை செய்யும்போது தலைமுடியில் கிரீஸ் படாமல் இருக்க அவள் கட்டிக்கொள்ளும் துணி. அது எரிந்துவிட்டது. அது எரிந்ததை அவள் பார்த்தாள்.

ஃபேக்டரியில் அவள் புருஷனை நாலரை என்பார்கள். வலது கையில் மோதிரவிரல் பாதிதான். என்றோ ஒரு பெல்ட் தின்றுவிட்டது. கூப்பிட்டால் அவனும் சிரிப்பான். வெளியே சிரிக்கத் தெரிந்தவன். ராத்திரி வீட்டுக்கு வந்தால் கதவைத் தட்டமாட்டான், விரல்களால் தாளம் போடுவான். நாலு தட்டு கணீரென்று, ஐந்தாவது மொத்தென்று. அந்த மொத்தலுக்குள் அவள் எழுந்துபோய்த் திறந்திருக்க வேண்டும். இரண்டாவது தாளம் போடவைத்தால் அதற்குத் தனிக் கணக்கு. ஏலக்காயை மென்றுகொண்டே அடிப்பான். அடித்து முடித்ததும் குரல் இளகும். "வலிக்குதாடி?" என்று கேட்பான், வேறு யாரோ அடித்துவிட்டுப் போனதுபோல.

அவன் எரிந்த அன்றைக்கும் பிரீதர்தான். குழாயிலிருந்து எண்ணெய் சொட்டி, புதிதாகப் பெயின்ட் அடித்த தரையில் விழுந்தது. முதலாளி வந்து பார்த்துவிட்டு எல்லோர் முன்னிலும் அவனைத் திட்டிவிட்டுப் போனார். அவன் திரும்பி, அவள் தலையிலிருந்த துணியை முடியோடு சேர்த்துப் பிடுங்கினான். குழாய்க்குள் திணித்தான். ஒரு மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் இறுக்கினான். எண்ணெய் சொட்டுவது நின்றது. "பாத்தீங்கல்ல, இதான் வைத்தியம்" என்றான் வேலையாட்களிடம்.

அப்படி அடைக்கக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. முந்தின வாரம் இதே ஆட்கள் முன்னால் அவனுடைய கணக்குத் தப்பு என்று சொல்லிவிட்டு, அன்று இரவு ஸ்பேனரால் வாங்கிய தாடை அப்போதும் வீங்கியிருந்தது. "இனி பட்டறையில நீ வாயத் திறந்தே, மறுபடி மூட முடியாம பண்ணிடுவேன்" என்று சொல்லியிருந்தான்.

மாலைக்குள் இன்ஜின் வயிறு உப்பி, கதவு இடுக்கெல்லாம் எண்ணெய் வழிந்தது. உள்ளே எதுவோ தட்ட ஆரம்பித்தது. ஒரு பேரிங் காய்ந்து பழுத்திருக்கும். அவன் நிறுத்தினான். நிறுத்திய கையோடு ஸ்பேனரை மூன்றாவது கதவில் வைத்தான்.

இந்தத் தொழிலில் கால் வைத்த முதல் நாளே எல்லோரும் கற்றுக்கொள்வது ஒன்றுதான். சூடான இன்ஜினின் வயிற்றைத் திறக்காதே. உள்ளே எண்ணெய் ஆவி நிற்கும், பழுத்த இரும்பு நிற்கும். குறைவது காற்று ஒன்றுதான். கதவைத் திறந்தால் அதையும் நீயே கொடுக்கிறாய். கதவின் மேல் உள்ளங்கையை வைத்து ஐம்பது எண்ண முடிகிற வரைக்கும் ஆறட்டும்.

அவனுக்கும் தெரியும். ஆனால் அவமானப்பட்டிருந்தான், குடித்திருந்தான், அவசரத்தில் இருந்தான். அவள் பக்கத்தில் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை போதும். ஆறட்டும்.

வாயை மூடு என்று சொன்னவன் அவன்தானே.

வார்த்தைக்குப் பதில் அவளுடைய கால்கள் அசைந்தன. பின்னால் இரண்டு அடி. தூணுக்குப் பின்னால்.

அதை யாரும் பார்க்கவில்லை. கதவு பறந்து எதிர்ச் சுவரில் பதிந்ததையும், உள்ளிருந்து ஆள் உயரத்துக்கு ஒரு நெருப்பு வந்து அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டதையும்தான் பார்த்தார்கள். பிரீதர் கட்டை பிடுங்கிக்கொண்டு கூரையைத் தாக்கியது. மஞ்சள் துணி எரிந்துகொண்டே கீழே மிதந்து வந்தது. ஒன்பது மணி நேரம் உயிரோடு இருந்தான். உதடு இல்லை, பேச முடியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலின் இரும்புப் பட்டையில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தான். நாலு கணீர். ஒரு மொத்து. இமையில்லாத கண் அவளையே பார்த்தது. அவன் மட்டும் பார்த்திருக்கிறான், அந்த இரண்டு அடியை.

"தங்கச்சி. ஏய் தங்கச்சி!"

அவள் நிமிர்ந்தாள். துணியைச் சுருட்டி மண்ணெண்ணெய்த் தட்டுக்கு அடியில் தள்ளினாள்.

"முகமெல்லாம் வெளுத்துப் போச்சு. வேணாம்னா விட்டுடு. நான் மொதலாளிகிட்ட சொல்லிக்கிறேன்."

"இல்லண்ணே. வலை சுத்தமாயிடுச்சு. மாட்டி ஓட்டிப் பாத்துடலாம்."

ஏன் அப்படிச் சொன்னாள்? எழுந்து போயிருக்கலாம். ஆனால் போனால் வேறொரு மெக்கானிக் வருவான், அவனும் தட்டும் சத்தத்தைக் கேட்பான், அவன் திறப்பான். இதற்காகத்தான் வந்திருக்கிறாள் என்று அப்போது தெரிந்தது.

பிரீதரையும் குழாயையும் முன்பு இருந்தபடியே மாட்டினாள். பிறகு பையிலிருந்து ஒரு ரப்பர் கையுறையை எடுத்து, எண்ணெய் ஊற்றும் வாயில் கவிழ்த்து, கம்பியால் கட்டினாள். உள்ளே அழுத்தம் இருந்தால் கையுறை உப்பும். பிரீதர் ஒழுங்காக வேலை செய்தால் துவண்டு கிடக்கும். ஒரு காசு செலவில்லாத சோதனை.

சைலன்சர் இன்ஜினைக் கிளப்பினார். தரை அதிர்ந்தது. பல்பு ஆடியது. ஃப்ளைவீல் சுழன்று, ஒரு சாண் அகலப் பெல்ட் அடுத்த அறை கம்ப்ரஸரைப் பிடித்து இழுக்க, அந்தப் பழைய தாளம் அறை முழுக்க நிறைந்தது. கையுறை துவண்டு கிடந்தது. ஒரு நிமிடம். இரண்டு. அவள் மூச்சு சீரானது.

அப்புறம் கட்டைவிரல் நிமிர்ந்தது.

ஆள்காட்டி விரல். நடுவிரல். சுண்டுவிரல். ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், தூங்கி எழுந்தவன் கையை நீட்டிச் சோம்பல் முறிப்பதுபோல நிமிர்ந்தன. மோதிரவிரல் பாதி வரைக்கும் வந்து நின்றது. மீதிப் பாதி தொங்கியது.

"பாரு, கிழம் டாட்டா காட்டுது" என்று சிரிக்க ஆரம்பித்தார் சைலன்சர். சிரிப்பு நடுவில் அறுந்தது. அவளுக்குத் தெரிந்து அவர் ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டது அதுதான் முதல் தடவை. "விரல்... ஒட்டிக்கிச்சு போல. உள்ள பவுடர் இருக்கும்ல."

"ஆமாண்ணே. ஒட்டியிருக்கும்."

அவள் போய் அந்தத் தொங்கும் ரப்பர் நுனியைப் பிடித்தாள். ஒட்டவில்லை. காலியாக இருந்தது. கொஞ்சம் கீழே தடவினாள். காற்று இருக்கவேண்டிய இடத்தில் கெட்டியாக ஒன்று இருந்தது. உருண்டையாக. சூடாக. விரல் வெட்டுப்பட்ட இடத்தில் தோல் கூடி மொழுமொழுவென்று இருக்குமே, அது போல.

அது அவள் விரலை அழுத்தியது.

"நிறுத்துங்கண்ணே!"

அவர் டீசலை அடைத்தார். நெம்புகோல் கடைசி வரைக்கும் இறங்கியது.

இன்ஜின் நிற்கவில்லை.

தாளம் மாறியது. வேகம் ஏறியது. டீசல் இல்லை, இருந்தும் ஏறியது. பிரீதர் குழாய் புடைத்துத் துடிப்பதை அவள் பார்த்தாள். வயிற்றிலிருந்த எண்ணெயை அந்தக் குழாய் ஏர் ஃபில்டர் வழியாக இன்ஜினுக்கே ஊட்டிக்கொண்டிருந்தது. தன் எண்ணெயைத் தானே குடித்து ஓடுகிற இன்ஜினுக்கு நிறுத்தம் கிடையாது. வெடித்துச் சிதறுகிறவரை ஓடும். வெள்ளைப் புகை. கூரைத் தகரம் கிடுகிடுத்தது. அலமாரியிலிருந்த நட்டுகள் தரையில் கொட்டின.

"பலகை! காத்தை அடைக்கணும்! பலகை எடுங்க!"

சைலன்சர் திரும்பினார். பெல்ட் அறுந்தது.

சத்தம் துப்பாக்கி மாதிரி. அறுந்த முனை ஒரு சுற்று சுற்றி அவர் தலையின் பக்கவாட்டில் அடித்தது. அவர் சுவரில் மோதிச் சரிந்தார். காது ஒரு துண்டுத் தோலில் தொங்கியது. கழுத்து, தோள், சட்டை எல்லாம் ஒரே நொடியில் சிவந்தன.

அவள் பலகையை எடுத்தாள். ஏர் ஃபில்டரை உதைத்துத் தள்ளி, இழுத்துக்கொண்டிருந்த அந்த வாயில் பலகையை வைத்து, உடம்பு முழுவதையும் கொடுத்து அழுத்தினாள். பலகையோடு சேர்த்து அவளையும் இழுத்தது. அழுத்தினாள். இன்ஜின் செருமியது. உலுக்கியது. திணறியது. நின்றது.

அமைதி.

எண்ணெய் சொட்டும் சத்தம். சைலன்சரின் மூச்சு. பிறகு, மூன்றாவது கதவுக்கு உள்ளேயிருந்து, தாளம்.

நாலு கணீர். ஒரு மொத்து.

அவர் தலையைத் தூக்கினார். முகத்தில் பாதி ரத்தம். கண் எதையும் சரியாகப் பிடிக்கவில்லை.

"உள்ள ஆளு இருக்கு" என்றார்.

"இல்லண்ணே. அசையாதீங்க. காதை அமுக்கிப் பிடிங்க."

"இருக்கு தங்கச்சி. நாலரை. தட்டுறான் பாரு." அவர் சுவரைப் பிடித்து எழுந்தார். குழந்தை மாதிரி அழுதார். "அன்னிக்கு நாந்தானே தூக்கினேன் அவனை. தோலு என் கையோட வந்துச்சு. இன்னும் உள்ளயே கெடக்கான். எடுக்கணும்."

தரையில் கிடந்த ஸ்பேனரை எடுத்தார். தள்ளாடிப் போய்க் கதவில் மாட்டினார். கதவு அனலாக இருந்தது, பெயின்ட் கொப்புளித்துக்கொண்டிருந்தது. ஒரு நட்டு சுழன்றது. கழன்று விழுந்தது. இரண்டாவது.

அவள் வாயைத் திறந்தாள். தாடை பாதியில் பூட்டிக்கொண்டது.

காலுக்குக் கீழே ஏதோ நகர்ந்தது. குனிந்து பார்த்தாள். அவளுடைய கால்தான். பின்னால் ஓர் அடி வைத்திருந்தது. தோளில் தூண் தட்டுப்பட்டது. குளிர்ச்சியாக. அகலமாக. இன்னும் ஓர் அடி போதும்.

கதவுக்குள் தாளம் நின்றது. காத்திருந்தது. அது யாருக்காகக் காத்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. அதற்குச் சைலன்சர் வேண்டாம். அவள் அந்த இரண்டாவது அடியை வைப்பதைப் பார்க்கவேண்டும். மறுபடியும்.

மூன்றாவது நட்டு.

"ஆறட்டும்."

குரல் வந்தது. காற்றாக. அவருக்குக் கேட்கவில்லை, அந்தப் பக்கத்துக் காது தோலில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் தாடையைக் கையால் பிடித்து இழுத்தாள். எலும்பு உள்ளே முறுகி 'டக்' என்றது. கண் இருண்டது. தூணை விட்டு ஓடினாள். அவருக்கும் கதவுக்கும் நடுவே புகுந்து முதுகைக் கதவில் கொடுத்தாள். சட்டை பொசுங்கியது. தோல் ஒட்டியது. அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"ஆறட்டும்ணே. ஆறட்டும். திறக்கக்கூடாது. ஆறட்டும்."

அவர் அவளைப் பார்த்தார். ஸ்பேனர் விழுந்தது. "சரிம்மா" என்றார். சொல்லிவிட்டு அவள் காலடியில் மடங்கி விழுந்தார்.

சத்தம் கேட்டு லோடு ஏற்றுகிற ஆட்கள் ஓடிவந்தார்கள். ஐஸ் லாரியிலேயே அவரைப் படுக்கவைத்தார்கள். மூச்சு இருந்தது. பேசிக்கொண்டும் இருந்தார்; தொங்குகிற தன் காதில் யாராவது ஐஸை வைத்துக் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளையும் ஏறச் சொன்னார்கள். முதுகைக் காட்டச் சொன்னார்கள்.

"நீங்க போங்க. மூணு நட்டு கழண்டிருக்கு. மாட்டிட்டு வர்றேன்."

லாரிச் சத்தம் தேய்ந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் ஐஸ் உருகி, கட்டி கட்டியாக நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. அவள் மண்டியிட்டு முதல் நட்டை மாட்டினாள். இறுக்கினாள். இரண்டாவது. மூன்றாவது. முதுகில் எரிச்சல் அலை அலையாக வந்தது. எழுந்துகொள்ளலாம் என்று கையை ஊன்றினாள்.

கதவின் மேல் ஓரத்து நட்டு மெதுவாகச் சுழன்றது. இடப்பக்கமாக. கால் சுற்று. நின்றது. இன்னொரு கால் சுற்று.

ஸ்பேனரை வைத்துத் திருப்பி இறுக்கினாள். கீழே இருந்தது சுழன்றது. அதை இறுக்கினாள். பக்கத்தில் இருந்தது.

கதவு ஓரத்து கேஸ்கட்டிலிருந்து எண்ணெய் பிதுங்கியது. நாலு இடத்தில் நீளமாக வழிந்தது. ஒரு இடத்தில் பாதி.

மேலே எண்ணெய் வாயில் கட்டியிருந்த கையுறை கண்ணில் பட்டது. அறுந்திருக்கவில்லை. நின்றுபோன இன்ஜினின் தலையில் அது நிறைந்து நிமிர்ந்து நின்றது. ஆள்காட்டி விரல் மடங்கியது. நிமிர்ந்தது. மடங்கியது. வா.

அவள் இடது உள்ளங்கையைக் கதவில் வைத்தாள். சுட்டது. எடுக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. பழக்கத்தில் எண்ணினாள். இருபதில் சூடு தணிவது தெரிந்தது. முப்பதில் தாங்க முடிந்தது. நாற்பதில் வெறும் வெதுவெதுப்பு, தூங்குகிற ஒருவனின் முதுகைத் தொடுவது போல. நாற்பத்தொன்பதில், இரும்புக்கு அந்தப்பக்கம் இன்னொரு உள்ளங்கை வந்து அவளுடைய கைக்கு நேராக ஒட்டிக்கொண்டது. இரும்பு மறுபடி பழுத்தது. கொப்புளம் உடைந்து அவள் தோல் கதவில் தங்கியது.

கையை எடுத்தாள். அது தட்டியது. கையை வைத்தாள். அது நின்றது.

ஜன்னலில் வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. யாரும் வரவில்லை. வலது கை ஸ்பேனரை நட்டிலிருந்து நட்டுக்கு மாற்றிக்கொண்டே இருந்தது. இடது கை கதவில். ஏர் ஃபில்டரை உதைத்தபோது பிடுங்கிக்கொண்டு தொங்கிய பிரீதர் குழாயின் வாய் அவள் காதுக்கு அருகில் இருந்தது. அதிலிருந்து காற்று வந்தது. ஏலக்காய். சாராயம். கருகிய மாமிசம். அதற்குப் பிறகு குரல். கோபம் இல்லாத குரல், அடித்து முடித்த பிறகு வருமே, அந்த இளகிய குரல்.

"எரியுதுடி. திற."

அவள் எண்ணி எண்ணி இருபத்து மூன்றுக்கு வந்திருந்தாள். எண்ணிக்கை தப்பியது. இமைகளை மூடினாள், திறந்தாள். மேல் நட்டு கால் சுற்று கழன்றது, இறுக்கினாள்.

"கையைத்தான் வச்சிருக்கியே. திறந்தா என்ன? திறடி."

அவள் கன்னத்தைக் கதவருகில் கொண்டுபோனாள், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

"ஆறட்டும்" என்றாள். மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.